செடி டீச்சர் பதில்கள்: ஒரு வரிக்கு வந்த வினை

சென்ற இதழில் மொட்டைமாடித் தொட்டிகளைப் பற்றி எழுதும்போது, "தண்ணீர் ஊற்ற மறக்கிறவர்களுக்கு லேண்டனா ஏற்றது, எந்த வெயிலுக்கும் அசராது" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். மாவுப்பூச்சி, துளிர்க்காத கறிவேப்பிலை, பூக்காத மல்லிகை என்று வரும் தபாலெல்லாம் இந்த மாதம் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுவிட்டது. பாதிப் பேர் செடியைக் கேட்டிருக்கிறார்கள், மீதிப் பேர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். அதனால் இந்த முறை பக்கம் முழுக்க உண்ணிச்செடி என்கிற அந்த லேண்டனாவுக்கும் அதன் கூட்டாளிகளுக்கும்தான். கறிவேப்பிலைக்காரர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

டீச்சர், நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நர்சரியில் மூன்று லேண்டனா தொட்டி வாங்கினேன். ஒன்று 120 ரூபாய். தாராபுரத்திலிருந்து வந்த மாமியார் பார்த்துவிட்டு, "இந்த உண்ணிச்செடியையா கண்ணு காசு குடுத்து வாங்குனே? நம்ம வேலியோரம் வெட்டறதுக்கு ஆள் கிடைக்காம கிடக்குது" என்கிறார். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். நர்சரிக்காரரோ அது வேறு, இது வேறு என்கிறார். யார் சொல்வது சரி?
(வாசகி, திருப்பூர்)

உங்கள் மாமியார் சொல்வதுதான் சரி. நர்சரிக்காரர் சொல்வதில் கால்வாசி உண்மை இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்து பாருங்கள். எலுமிச்சைத் தோலை மண்ணெண்ணெயில் ஊறவைத்த மாதிரி ஒரு வாடை மூக்கில் ஏறும். இலை பூனை நாக்குபோலச் சொரசொரக்கும். தண்டை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருட்டினால் உருளாது, நாலு பட்டையாக இருக்கும். வேலியில் இருப்பதற்கு அந்தப் பட்டையோரம் கீழ்நோக்கி வளைந்த சின்ன முள் உண்டு, போகிறவர் சேலையைப் பிடித்து இழுப்பது அதுதான். தொட்டிச்செடியில் முள் குறைந்திருக்கும். வாடை குறைந்திருக்காது.

இந்தச் செடியின் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமான பகுதிகள். 1600களில் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கண்ணாடி வீடுகளில் வைத்து, இதன் மகரந்தத்தை அதில் போட்டு, அதன் விதையை இதனோடு சேர்த்து, நிறம் நிறமாக நூற்றுக்கணக்கான வகைகளை உண்டாக்கினார்கள். நம் நாட்டுக்கு 1800களின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்கா வழியாக வந்தது. அழகுக்காகத்தான் வந்தது. பிறகு வேலிக்கும் வைத்தார்கள். மாடு கடிக்காது, ஆடு நுழையாது, தண்ணீர் கேட்காது. கிளுவை வேலி போட்டுக் காத்திருந்த ஊரில் இப்படி ஒன்று கிடைத்தால் யார் விடுவார்கள்?

ஆக, வேலியில் கிடப்பதும் உங்கள் தொட்டியில் இருப்பதும் ஒரே குடும்பத்துப் பெரியப்பா, சித்தப்பா மக்கள். வேலியில் கிடப்பதே தோட்டத்தில் கலப்பு செய்து பிறந்த செடிதான். இங்கேதான் நர்சரிக்காரரின் கால்வாசி உண்மை வருகிறது. இப்போது விற்கும் வகைகளில் சில காய் பிடிப்பதே இல்லை, அல்லது அரிதாகப் பிடிக்கும். ஆனால் காய்க்காத செடியிலும் மகரந்தம் வேலை செய்யலாம், வண்ணத்துப்பூச்சி அதைத் தூக்கிக்கொண்டுபோய் வேலியில் இருப்பதோடு சேர்த்துவிடலாம். நர்சரியில் எந்த வகை என்று எழுதி ஒட்டியிருக்கவும் மாட்டார்கள்.

தூக்கிப்போடச் சொல்லவில்லை. ஒரு வேலை மட்டும் தவறாமல் செய்யுங்கள். இதழெல்லாம் உதிர்ந்ததும் காம்பு நுனியில் மிளகு அளவில் பச்சைக் காய்கள் கொத்தாக வரும். வரும்போதே கத்தரித்து எடுத்துவிடுங்கள், வாரம் ஒருமுறை போதும். அந்தக் காய் கறுத்துப் பழமாகிவிட்டால் அப்புறம் அது உங்கள் கையில் இல்லை. சின்னானோ மைனாவோ தின்னும், எங்கேயோ ஒரு மரக்கிளையில் உட்கார்ந்து எச்சம் போடும். உண்ணிச்செடி பெரும்பாலும் மரத்தடியில் முளைப்பது ஏன் என்று கேட்டால் இதுதான் காரணம்.

நான் சென்ற மாதம் எழுதியிருக்க வேண்டியதும் இதுதான். காய் கிள்ளுகிற பொறுமை இருந்தால் வையுங்கள், வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் காடோ கரடோ மேய்ச்சல் நிலமோ இருந்தால் வைக்கவே வேண்டாம். நடுத் திருப்பூரில் மூன்றாவது மாடியில் நீங்கள் வைத்திருப்பதைப் பற்றி நான் தூக்கம் கெட மாட்டேன். 360 ரூபாயைப் பற்றி மாமியாரிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள்.

*

மதிப்பிற்குரிய டீச்சர், எங்கள் பள்ளிக்குப் பின்னால் உள்ள உண்ணிச்செடியில் ஒரே பூங்கொத்தில் நடுவில் மஞ்சள், ஓரத்தில் ரோஸ் கலர் இருக்கிறது. ஒரே காம்பில் எப்படி இரண்டு நிறம் வரும்? எங்கள் சாரிடம் கேட்டேன், அது அப்படித்தான் என்றார்.
(எட்டாம் வகுப்பு மாணவி, ஈரோடு மாவட்டம்)

"அது அப்படித்தான்" என்பதற்கு மேல் ஒரு காரணம் இருக்கிறது, கண்ணு.

நீ பூ என்று சொல்வது ஒரு பூ இல்லை, இருபது முப்பது பூக்களின் கூட்டம். ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் குழல். எல்லாம் ஒரே நாளில் விரியாது. வெளி வட்டம் முதலில், அப்புறம் அதற்கு உள்ளே, கடைசியாக நடு. ஆகவே ஓரத்தில் இருப்பது மூத்தது, நடுவில் இருப்பது இளையது. விரியும்போது எல்லாமே மஞ்சள்தான். ஓரிரு நாளில் மஞ்சள் மாறி ரோஸாகிறது, சில செடியில் ஆரஞ்சாகிச் சிவப்பாகிறது. நீ பார்ப்பது இரண்டு நிறப் பூ இல்லை. இரு வேறு வயதுப் பூக்களை.

மஞ்சளாக இருக்கும்போதுதான் தேன் இருக்கும். நிறம் மாறியதில் அநேகமாக இருக்காது. இது பூச்சிகளுக்குத் தெரியும். ஒரு அரைமணி நேரம் செடியருகே அசையாமல் உட்கார்ந்து, வண்ணத்துப்பூச்சி எந்த நிறத்துக்குள் குழலை விடுகிறது என்று நோட்டில் கோடு போட்டு எண்ணிப் பார். மாறிய பூ உதிராமல் ஏன் நிற்கிறது என்று கேட்பாய். தூரத்திலிருந்து பார்க்கும்போது கூட்டம் பெரிதாகத் தெரிந்தால்தானே பூச்சி வரும்? கல்யாண வீட்டில் சாப்பிட்டு முடித்தவர்களும் கொஞ்ச நேரம் பந்தலில் உட்கார்ந்திருப்பது மாதிரி.

டெல்லிப் பல்கலைக்கழகத்தில் மோகன்ராம் என்று ஒரு தாவரவியல் பேராசிரியர் இருந்தார். அவரும் அவருடன் ஆராய்ந்தவரும் இந்த நிறமாற்றத்தைப் பற்றி 1984இல் எழுதினார்கள். மகரந்தம் வந்து சேர்வதுதான் நிறம் மாறுவதைத் தூண்டிவிடுகிறது என்பது அவர்கள் கண்டது. நீயே சோதித்துப் பார்க்கலாம். விரியாத மொட்டுக்கொத்து ஒன்றுக்கு மெல்லிய மல்துணியில் பை தைத்து மாட்டி, வாயை நூலால் கட்டு. பக்கத்திலேயே இன்னொரு கொத்தைத் திறந்தே விடு. நாலு நாள் கழித்து இரண்டையும் பார். ஒரு எச்சரிக்கை: இலைப்பேன் என்று கண்ணுக்கே சரியாகத் தெரியாத பூச்சி ஒன்று துணிக்குள்ளும் நுழைந்துவிடும், இந்தப் பூவுக்கு அதுவும் மகரந்தம் சேர்க்கும். கண்டதை எனக்கு எழுது. என்ன ஆகும் என்று நான் சொல்லிவிட்டால் நீ செய்ய மாட்டாய்.

*

அம்மா, அவசரம். வெளியூரிலிருந்து வாங்கிவந்த மாடு, மூன்று நாளாகத் தீனி எடுக்கவில்லை, சாணி போடவில்லை. கண் மஞ்சளாக இருக்கிறது. வெள்ளைத் திட்டு இருக்கும் இடத்தில் மட்டும் தோல் வெடிக்கிறது. வேலியோரம் கட்டியிருந்தேன். உண்ணிச்செடி தின்றிருக்குமா?
(விவசாயி, அந்தியூர் பக்கம்)

இவருக்கு அன்றைக்கே தொலைபேசியில் பேசிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே சொல்கிறேன். ஆம், நீங்கள் எழுதிய அடையாளம் அத்தனையும் அதுதான். இலையில் லாண்டடீன் என்ற நஞ்சு இருக்கிறது, அது ஈரலைப் பிடிக்கும். பித்தம் வெளியேறாமல் நின்றுபோவதால் கண் மஞ்சளாகிறது. பச்சைத் தீனி செரிக்கும்போது உண்டாகி, பித்தத்தோடு வெளியே போக வேண்டிய ஒரு பொருளும் ரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. அது தோலுக்கு வந்தபிறகு வெயில் பட்டால் தோல் வெந்துபோகும். கறுத்த தோல் தாங்கும், வெள்ளைத் திட்டு தாங்காது.

முதலில் மாட்டை நிழலுக்கு, முடிந்தால் இருட்டான தொழுவத்துக்கு மாற்றுங்கள். பிறகு கால்நடை மருத்துவர். கை வைத்தியம் பார்த்து நாளைக் கடத்த வேண்டாம், ஏனென்றால் இரைப்பை அசையாமல் நின்றுவிடுவதால் உள்ளே கிடக்கும் தழையிலிருந்து நஞ்சு ஏறிக்கொண்டே இருக்கும். அதைப் பிடித்து வைக்க மருத்துவர் கரித்தூள் மாதிரியான மருந்து கொடுப்பார். அந்த ஊரிலேயே பிறந்த மாடு பெரும்பாலும் இதைத் தொடாது. புதிதாக வந்ததும் பட்டினி கிடந்ததும்தான் வாய் வைக்கும். சந்தையில் மாடு பிடித்து வந்தால் முதல் சில வாரம் வேலியோரம் கட்டாதீர்கள்.

*

சின்ன வயதில் உண்ணிப்பழம் பறித்துத் தின்றுதான் வளர்ந்தோம். இப்போது என் பேரன் கேட்கிறான். கொடுக்கலாமா?
(வாசகர், பழனி)

நானும் தின்றிருக்கிறேன். பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும் வழியில், பாவாடையில் கட்டிக்கொண்டு வந்து அம்மிச்சியிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். நன்றாகக் கறுத்த பழத்தைத் தின்றவர்கள்தான் நம்மில் முக்கால்வாசிப் பேர். ஆனால் பச்சைக் காய் நஞ்சு. எது பழுத்தது, எது பாதி பழுத்தது என்று நமக்கு இருந்த கண் மொபைல் பார்த்து வளரும் பிள்ளைக்கு இருக்குமா? நாவல் பழம் வாங்கிக் கொடுங்கள்.

*

மேடம், சிறுமலை அடிவாரத்தில் இரண்டு ஏக்கர் வாங்கினேன். முழுக்க உண்ணி. நாலு வருடத்தில் ஐந்து தடவை ஆள் விட்டு வெட்டிவிட்டேன், ஒருமுறை தீயும் வைத்தேன். வெட்ட வெட்ட அடர்த்தியாகத்தான் வருகிறது. இதற்கு மருந்து எதுவும் இல்லையா?
(வாசகர், திண்டுக்கல்)

ஐந்து தடவை நீங்கள் கவாத்து செய்திருக்கிறீர்கள். மல்லிகைக்குச் செய்தால் மகசூல் கூடும் அல்லவா, அதே வேலைதான். தரைக்கு மேலே வெட்டினால் ஒரு தண்டு போன இடத்தில் ஐந்து வரும். தீ வைத்தால் மேலே இருப்பது கருகும், அடிக்கட்டை உயிரோடு இருக்கும், முதல் மழைக்குத் துளிர்க்கும். போட்டிக்கு இருந்த புல்லும் கன்றுகளும் கருகியதுதான் மிச்சம்.

மறு துளிர் எல்லாம் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகிறது. தண்டும் வேரும் சேரும் இடம், மண்ணை ஒட்டி ஒரு முடிச்சு மாதிரி இருக்கும். அதற்குக் கீழே போய் ஆணிவேரை வெட்டினால் கீழே மிஞ்சும் வேர் துளிர்ப்பதில்லை. டெல்லிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சி. ஆர். பாபு இந்த முறையைக் காடுகளில் செய்து காட்டினார். மருந்து வேண்டாம், இயந்திரம் வேண்டாம். இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் நீளக் கொக்கியாலோ கவைக்கோலாலோ புதரை ஒருபக்கமாகச் சாய்த்துப் பிடிக்க, இன்னொருவர் மண்ணைக் கொஞ்சம் விலக்கி, இரண்டு விரற்கடை ஆழத்தில் ஆணிவேரை மண்வெட்டியால் ஒரே போடாகப் போட வேண்டும். பிறகு புதரை அப்படியே தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். வேர் வானம் பார்த்துக் காய வேண்டும். கவிழ்க்காமல் போட்டால் மண்ணில் பட்ட தண்டு வேர்விட்டுப் பிடித்துக்கொள்ளும்.

பூத்துக் காய்ப்பதற்கு முன்னால் செய்வது நல்லது. ஒரே மூச்சில் இரண்டு ஏக்கரையும் சுத்தம் செய்ய ஆசைப்படாதீர்கள். இருபது சென்ட் எடுங்கள், உடனே அங்கே புல் விதையுங்கள், அகத்தி, கிளிசெரிடியா, புங்கன் என்று எதையாவது நடுங்கள். வெறும் மண்ணாக விட்டால் மறுபடி அதுதான் வரும். அப்புறம் அடுத்த இரண்டு மூன்று மழைக்காலத்துக்கு, பறவை உட்காரும் மரங்களின் அடியில் மட்டும் ஒரு சுற்று வந்து நாற்றைக் கையால் பிடுங்குங்கள். மழை பெய்த மறுநாள் பிடுங்கினால் வேரோடு வரும். என் அனுபவத்தில் எல்லோரும் தோற்பது இந்த இடத்தில்தான். வெட்டும்போது இருக்கும் உற்சாகம் நாற்று பிடுங்கும்போது இருப்பதில்லை.

தீயைப் பற்றி ஒரு வார்த்தை. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோலிகர்கள் என்ற பழங்குடியினர் முன்பெல்லாம் கோடையின் தொடக்கத்தில் சருகுக்கு மட்டும் மெல்லிய தீ வைப்பார்கள், தரகு பெங்கி என்பார்கள். 1974இல் அந்த இடம் சரணாலயம் ஆனது, தீக்குத் தடையும் வந்தது. அதன் பிறகுதான் உண்ணி காடெங்கும் ஏறியது என்பது அங்கே பெரியவர்கள் சொல்வது. உண்ணி நாற்றாக இருக்கும்போது அந்தச் சருகுத் தீ அதை முடித்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. நீங்கள் வைத்தது ஆளுயரப் புதருக்கு, அதுவும் காட்டோரத்தில். அந்தத் தீ வேறு, இந்தத் தீ வேறு. இனி வைக்காதீர்கள்.

*

அந்நியச் செடி, களை என்று எதற்கு இத்தனை வெறுப்பு? என் வீட்டு உண்ணிச்செடிக்கு வரும் அளவுக்கு வண்ணத்துப்பூச்சி வேறு எதற்கும் வருவதில்லை. மிளகாயும் தக்காளியும்கூட அமெரிக்காவிலிருந்து வந்தவைதானே? அதை மட்டும் ரசத்தில் போட்டுக் குடிக்கிறோம்.
(வாசகி, சென்னை)

நல்ல அடி. வெளியூர்ச் செடி என்பதற்காக ஒன்றை வெறுப்பதாக இருந்தால் என் சமையலறையே காலியாகிவிடும். வண்ணத்துப்பூச்சி வருவதும் உண்மை. புதருக்குள் சின்னக் குருவிகள் கூடு கட்டுவதையும் பார்த்திருக்கிறேன், பூனை எட்டாது.

நித்தியகல்யாணியைப் பாருங்கள். மடகாஸ்கரிலிருந்து வந்தது. தோட்டத்தை விட்டு ஓடிப்போய் ரயில் தண்டவாளம், சுடுகாடு, பாழடைந்த சுவர் எல்லா இடத்திலும் நிற்கிறது. சுடுகாட்டு மல்லி என்றே பெயர் வாங்கிவிட்டது. ரத்தப் புற்றுநோய்க்கு மருந்தும் அதிலிருந்து வருகிறது. அதை யாரும் விரட்டுவதில்லை, ஏனென்றால் அது நிற்கிற இடத்தில் வேறு செடிக்கும் இடம் விட்டு நிற்கிறது. மிளகாய் நம் கை படாமல் காட்டுக்குள் போய் அநேகமாகப் பிழைக்காது. உண்ணிச்செடி பிழைக்கும், பிழைத்தபின் அடுத்ததை விடாது. நெருங்கி வளர்ந்து தரைக்கு வெளிச்சம் வராமல் மூடிவிடும். புல் போய்விடும். புல் போனால் மானும் காட்டெருமையும் எதைத் தின்னும்? இந்தியாவில் புலி வாழும் காடுகளில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் உண்ணிச்செடி பரவியிருப்பதாக 2020இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. முதுமலைச் சாலையில் பேருந்தில் போகும்போது ஜன்னல் வழியே எட்டிப் பாருங்கள், ஆய்வு தேவைப்படாது. ஒரு யானை பத்தடி தள்ளி நின்றால்கூடத் தெரியாது. அங்கே விறகு பொறுக்கவும் மாடு மேய்க்கவும் போகிறவர்களைக் கேட்டால் இந்தச் செடியைப் பற்றி வேறு மாதிரி சொல்வார்கள்.

வண்ணத்துப்பூச்சிக்குத் தேன் எங்கும் கிடைக்கும். ஆனால் அது முட்டையிடத் தனியாகச் செடி வேண்டும். உங்கள் தோட்டத்தில் ஒரு கறிவேப்பிலையும் எருக்கும் ஆவாரையும் இருந்தால் புழு, கூடு, பூச்சி என்று மூன்றையும் பார்க்கலாம்.

*

இந்தச் செடியைத் தின்னும் பூச்சியைக் கொண்டுவந்து விட்டால் தீராதா?
(வாசகர், மதுரை)

விட்டாகிவிட்டது. உலகத்தில் ஒரு களையை ஒழிக்கப் பூச்சியைக் கப்பலேற்றிய ஆரம்பகால முயற்சிகளில் ஒன்று உண்ணிச்செடிக்காகத்தான் நடந்தது, 1902இல், மெக்சிகோவிலிருந்து ஹவாய்க்கு. இங்கே கோவையில் வேலை பார்த்த பூச்சியியலாளர் ராமச்சந்திர ராவ், நம் ஊர்ப் பூச்சிகளில் எதெது உண்ணிச்செடியைக் கடிக்கிறது என்று அலைந்து திரிந்து 1920இல் ஒரு பெரிய அறிக்கையே எழுதினார். 1921இல் காயைத் துளைக்கும் ஈ ஒன்று வந்தது. 1941இல் இலையை உறிஞ்சும் பூச்சி ஒன்று ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. டேராடூனில் வைத்துப் பார்த்தபோது அது தேக்குப் பூவையும் விடவில்லை. பயந்துபோய் வளர்த்த கூட்டத்தை அழித்தார்கள், அதற்குள் சில தப்பிவிட்டன. இன்று அது நாடெங்கும் இருக்கிறது, தேக்கும் இருக்கிறது, உண்ணிச்செடியும் இருக்கிறது. கோடையில் இலை வெளுத்துப் போவதைப் பார்க்கலாம். மழை வந்ததும் செடி ஒன்றும் நடக்காத மாதிரி துளிர்க்கும்.

*

எங்கள் காலனிப் பூங்காவில் தரை முழுக்க மஞ்சள் கரிசலாங்கண்ணி படர்ந்திருக்கிறது. பறித்துக் கூட்டு செய்கிறோம், தலைக்கு எண்ணெயும் காய்ச்சுகிறோம். உங்களுக்கும் ஒரு பை அனுப்பட்டுமா?
(வாசகி, கோவை)

வேண்டாம். நீங்களும் நிறுத்துங்கள். பறிப்பதற்கு முன் இலையைப் பாருங்கள். இரண்டு பக்கமும் காது மாதிரி ஒவ்வொரு மடல் பிரிந்து, மொத்தத்தில் மூன்று மடலாக, தொட்டால் சதைப்பற்றாக, மெழுகு பூசினாற்போலப் பளபளக்கிறதா? அப்படியென்றால் அது சிங்கப்பூர் டெய்சி. சித்த வைத்தியத்தில் பொற்றலைக் கையாந்தகரை என்று சொல்லும் உண்மையான மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை நீளவாக்கில் ஒடுங்கி, மடல் பிரியாமல், லேசாகச் சொரசொரப்பாக இருக்கும். பூவும் சின்னது. இரண்டும் நெருங்கிய சொந்தம் என்பதால் அநேகம் பேர் ஏமாறுகிறார்கள். மருந்தென்று சொல்லப்படுவது இரண்டாவது. பூங்காக்களிலும் சாலை நடுவிலும் நடுவது முதலாவது.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. ஏனென்றால் நானே நட்டிருக்கிறேன். வேலையில் சேர்ந்த புதிதில், பள்ளிக் கிணற்றடியில் புழுதி பறக்கிறது என்று யாரோ கொடுத்த நாலு துண்டுத் தண்டை ஊன்றினேன். நாலே நாலு. அடுத்த மழைக்காலத்துக்குள் கிணற்றடி மஞ்சளாகிவிட்டது, தலைமையாசிரியை வந்து பாராட்டிவிட்டுப் போனார். அதற்கடுத்த வருடம் அது மூலிகைப் பாத்திக்குள் இறங்கியது. துளசி போயிற்று, கீழாநெல்லி போயிற்று, பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்த தூதுவளை போயிற்று. இதற்கு விதைகூடத் தேவையில்லை. கணு மண்ணைத் தொட்ட இடத்திலெல்லாம் வேர். பிடுங்கி வாரி வாய்க்கால் பக்கம் கொட்டச் சொன்னேன் பாருங்கள், அங்கேதான் நான் செய்த பெரிய தப்பு. துண்டு துண்டாகத் தண்ணீரில் போய், கீழ்க்காட்டுக்காரரின் வரப்பில் ஏறிவிட்டது. அவர் என் மாணவி ஒருத்தியின் அப்பா. பெற்றோர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டார், "ஏனுங்க டீச்சர், இதுக்குப் பேரு என்னங்க? களைன்னு சொல்லலாமுங்களா?" அவருடைய வரப்பை நானும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளும் நாலு சனிக்கிழமை சுத்தம் செய்தோம்.

பிடுங்கினால் குப்பைக்குழியில் போடாதீர்கள், தண்ணீரோரம் போடவே போடாதீர்கள். சிமென்டுத் தரையில் பரப்பிச் சருகாகும்வரை காயவையுங்கள். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர்கள் உலகத்தின் மோசமான ஊடுருவிகள் நூறைப் பட்டியலிட்டபோது அதில் உண்ணிச்செடியும் ஆகாயத்தாமரையும் இந்தச் சிங்கப்பூர் டெய்சியும் மூன்றுமே இடம்பிடித்தன. மூன்றும் பூவுக்காக ஆசைப்பட்டு ஊர் ஊராகக் கொண்டுபோனவை.

*

முதுமலைக் காட்டில் கொன்றை மரங்களை வெட்டுகிறார்கள் என்று செய்தி பார்த்தேன். கொன்றை சிவனுக்கு உகந்தது, அதையுமா?
(வாசகர், கும்பகோணம்)

பதற வேண்டாம், சரக்கொன்றையை யாரும் தொடவில்லை. வெட்டுவது மஞ்சள் கொன்றை என்று அழைக்கப்படும் வேறு மரம், அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுக்காக வந்ததுதான். சரக்கொன்றையின் பூ விளக்குச் சரம்போலக் கீழே தொங்கும், இதன் பூங்கொத்து மேலே நிமிர்ந்து நிற்கும். வயநாட்டிலும் முதுமலையிலும் காட்டையே மூடிவிட்டது. வெட்டிய மரத்தைத் தமிழ்நாடு காகித ஆலை கூழுக்கு எடுத்துக்கொள்கிறது. நீங்கள் படிக்கும் நோட்டுப் புத்தகத்தில்கூட அது இருக்கலாம்.

*

உண்ணிக் குச்சியில் நாற்காலி செய்கிறார்களாமே, உழைக்குமா?
(வாசகர், சேலம்)

உழைக்கிறது. மாதேஸ்வரன் மலைப் பக்கம் சோலிகர்கள் செய்கிறார்கள். குச்சியை வேகவைத்துத் தோலுரித்து, சூடு ஆறுவதற்குள் வளைத்து ஆணி அடிக்க வேண்டும். பிரம்பு மாதிரி வளையும், கரையான் அவ்வளவாகத் தொடாது. கூடலூர்ப் பக்கம் பழங்குடி மக்கள் இதே குச்சியில் ஆளுயரத்துக்கும் மேல் யானைகள் செய்கிறார்கள், அந்த யானைகள் 2021இல் லண்டன் பூங்காக்களில் போய் நின்றன. இதனால் காடு காலியாகிவிடும் என்று நினைக்காதீர்கள், எடுப்பது ஒரு பிடி, இருப்பது மலையளவு. ஆனால் எடுக்கிறவருக்குக் கூலி கிடைக்கிறது. எனக்கு அது போதும்.

*

அன்புள்ள டீச்சருக்கு, உங்களிடம் வெளிர் மஞ்சள் லேண்டனா இருப்பதாக முன்பொருமுறை எழுதியிருந்தீர்கள். அந்த நிறம் எங்கள் மலையில் கிடைக்கவில்லை. சுயவிலாசமிட்ட உறையில் தபால்தலை ஒட்டி வைத்திருக்கிறேன். விதை அனுப்புவீர்களா?
(வாசகி, கோத்தகிரி)

மாட்டேன். தபால்தலை வீணாக வேண்டாம் என்று அந்த உறையில் நாட்டு அவரை விதை பத்து போட்டு அனுப்பியிருக்கிறேன். ஊதாப் பூப் பூக்கும். ஆடியில் ஊன்றுங்கள், பந்தல் போட்டுவிடுங்கள்.